ஐரிஷ் பஞ்சக் கப்பல்கள்: அட்லாண்டிக்கில் நேர்ந்த சாவுகளுக்குக் கப்பல் தலைவர்கள் எவ்வளவு பொறுப்பு?

நெய்தல் வாசகன்

அயர்லாந்தில் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்து, பஞ்சத்தால் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிய காலம். 1847 மே மாதத்தின் நடுவில், லிவர்பூலில் இருந்து புறப்பட்ட 'சிரியா' என்ற கப்பல் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில், வந்திறங்குவோரைச் சோதித்து நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் குரோஸ் ஈல் தீவுக்கு அருகே நங்கூரம் போட்டது. அதில் ஏறியவர்கள் 241 பேர், பெரும்பாலும் ஐரிஷ்காரர்கள். வழியிலேயே 9 பேர் இறந்திருந்தார்கள், 84 பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். தீவின் மருத்துவமனையில் அந்த ஆண்டு முதலில் இறந்தது எல்லன் கேன் என்ற 4 வயதுக் குழந்தை.

அங்கே சுமார் 200 நோயாளிகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. மே மாத இறுதிக்குள் ஏறத்தாழ 40 கப்பல்கள் ஆற்றில் 2 மைல் நீளத்துக்கு வரிசையாக நின்றன. அந்த ஒரே ஆண்டில் அத்தீவில் புதைக்கப்பட்டவர்கள் 5,000 பேருக்கு மேல்.

என் கேள்வி இதுதான். ஒரு கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது அதன் தலைவருக்கு மேல் அதிகாரம் படைத்தவர் யாரும் இல்லை. தண்ணீர் எவ்வளவு, அடுப்பு எப்போது, கீழ்த்தளத்தைக் கழுவுவதா வேண்டாமா, எல்லாம் அவர் சொல்தான். அப்படியானால் இந்தச் சாவுகளின் பொறுப்பில் பெரும்பங்கு அவர்களுடையது அல்லவா? படித்தவர்களும் கடலில் வேலை பார்த்தவர்களும் சொல்லுங்கள்.

கொற்கைத்துறை

சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக இருந்தவன் என்ற முறையில் என் பதில்: ஆம், அவர்களுடையதுதான்.

கப்பலில் நடப்பது எதுவாக இருந்தாலும் தலைவர் தலையில்தான் விழும். நாங்கள் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது அது. முதலாளி நெருக்கினார், முகவர் கூடுதலாக ஆள் ஏற்றிவிட்டார் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கயிறு அவிழ்த்துக் கரையை விட்டுக் கிளம்பலாம் என்று கடைசியாகச் சொல்கிறவர் அவர். சொல்ல மாட்டேன் என்று நிற்கவும் அவரால் முடியும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கப்பலைச் சொல்கிறேன். 'ஜீனி ஜான்ஸ்டன்', மூன்று பாய்மரங்கள், 1847இல் கனடாவின் கியூபெக்கில் ஜான் மன் கட்டியது. அயர்லாந்தின் டிரலீ ஊர் வணிகர் நிக்கலஸ் டோனவன் அதை வாங்கினார். தலைவர் ஜேம்ஸ் அட்ரிட்ஜ், கார்க் மாவட்டத்துக்காரர். 1848 ஏப்ரல் 24 அன்று பிளென்னர்வில் துறையில் இருந்து 193 பயணிகளோடு முதல் பயணம் புறப்பட்டது. 1855 வரை 16 முறை அட்லாண்டிக்கைக் கடந்து 2,500 பேருக்கு மேல் கொண்டு சேர்த்தது. ஒரு பயணிகூடக் கப்பலில் இறக்கவில்லை. முதல் பயணத்தில் ஒரு குழந்தை பிறந்து, எண்ணிக்கை கூடித்தான் போய்ச் சேர்ந்தது!

அதே கடல், அதே மக்கள், அதே வறுமை. மாறியது கப்பலை நடத்திய விதம்.

வைகைக்கரை

கொற்கைத்துறை அண்ணா, அட்ரிட்ஜ் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அவருடைய முதல் பயணம் 1848இல். குரோஸ் ஈல் கொடுமை 1847இல். 1848இல் கனடா போன கப்பல்கள் எல்லாவற்றிலுமே சாவு வெகுவாகக் குறைந்துவிட்டது. அட்ரிட்ஜ் 1847 ஏப்ரலில் லிவர்பூலில் இருந்து புறப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் யாரும் சொல்ல முடியாது.

வரலாற்று ஆசிரியை என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மக்கள் ஏன் கியூபெக் போனார்கள்? பலர் போக விரும்பியது அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு. 1847 தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: கீழ்த்தளத்தில் ஒரு பயணிக்கு 14 சதுர அடி இருக்க வேண்டும். கப்பலில் ஏற்றக்கூடிய ஆட்கள் குறைந்தார்கள், கட்டணம் ஏறியது. பிரிட்டிஷ் சட்டத்திலோ 10 சதுர அடி போதும், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருவர் ஒரு ஆளாகக் கணக்கு. ஆகவே பிரிட்டிஷ் குடியேற்ற நாடான கனடாவுக்குப் போவது மலிவு. கையில் காசு இல்லாதவன், உடம்பில் தெம்பு இல்லாதவன், நிலச்சுவான்தார் விரட்டிவிட்டவன், எல்லாரும் அந்தப் பக்கம் தள்ளப்பட்டார்கள்.

அடுத்தது மரம். கியூபெக்கில் இருந்தும் செயின்ட் ஜானில் இருந்தும் பிரிட்டனுக்கு மரம் வந்துகொண்டிருந்தது. திரும்பும்போது அந்தக் கப்பல்களுக்குச் சரக்கு கிடையாது. வெறுமனே கல்லைப் பாரமாக ஏற்றிக்கொண்டு போவதற்குப் பதில் மனிதர்களை ஏற்றினார்கள். சரக்கறையில் பலகை அடித்துப் படுக்கை போடுவார்கள், கனடாவில் இறக்கியதும் பலகைகளைப் பிடுங்கிவிட்டு மரம் அடுக்குவார்கள். ஆறடிக்கு ஆறடி படுக்கையில் நான்கு பெரியவர்கள். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் யாரும் கடலில் இல்லை, கரையில் அலுவலகத்தில் இருந்தார்கள்.

நிலச்சுவான்தார்களையும் விட முடியாது. ரோஸ்காமன் மாவட்டம் ஸ்ட்ரோக்ஸ்டவுனில் டெனிஸ் மஹோன் என்பவரின் குத்தகைக்காரர்கள் 1,490 பேர் 1847 மே மாதம் டப்ளின் வரை நடத்தியே கொண்டுபோகப்பட்டார்கள். ஏழைகள் இல்லத்தில் ஓராண்டு வைத்து உணவு போடுவதைவிடக் கனடாவுக்கு அனுப்புவது மலிவு என்று அவருடைய முகவர் கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். அவர்களில் ஒரு பகுதியினர் லிவர்பூலில் 'விர்ஜீனியஸ்' கப்பலில் ஏறினார்கள். 476 பயணிகளில் 158 பேர் கடலிலேயே இறந்தார்கள். கப்பல் தலைவரும் அவருக்கு அடுத்த அதிகாரியும் அதே காய்ச்சலுக்குப் பலியானார்கள்.

அந்தத் தலைவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த என் மனம் ஒப்பவில்லை.

பரதவன் மகன்

'விர்ஜீனியஸ்' பற்றிப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. டெனிஸ் மஹோனை அதே ஆண்டு நவம்பர் 2 அன்று சுட்டுக் கொன்றுவிட்டார்கள் அல்லவா, டீச்சர்?

வைகைக்கரை

ஆம். கப்பலில் நடந்தது ஊருக்குத் தெரிந்த பிறகு நடந்த கொலை. காரணம் அது ஒன்றுதானா, குத்தகை வெளியேற்றங்களா என்ற விவாதம் அன்றே தொடங்கிவிட்டது.

நோய்நாடி

மருத்துவன் என்ற முறையில் சில செய்திகள். நீங்கள் இருவரும் சொல்வதில் எது எவ்வளவு பொருந்தும் என்று பார்க்க அவை உதவும்.

கப்பல்களில் கொன்றது பெரும்பாலும் டைபஸ் காய்ச்சல். இது டைபாய்டு அல்ல, வேறு நோய். உடைப் பேன் வழியாகப் பரவுவது. அதை சார்ல்ஸ் நிக்கோல் துனிஸ் நகரில் 1909இல்தான் கண்டுபிடித்தார். 1847இல் இருந்த எந்த மருத்துவருக்கும் எந்தக் கப்பல் தலைவருக்கும் பேன்தான் எதிரி என்று தெரியாது. கெட்ட காற்று என்றே எண்ணினார்கள்.

கிருமி உடலில் நுழைந்து காய்ச்சல் வெளிப்பட ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். லிவர்பூல் விடுதிகளில் நெருக்கியடித்துப் படுத்திருந்த ஒருவர், கப்பலேறும் நாளில் நலமாகவே தெரிவார். கப்பல் மருத்துவ ஆய்வு என்பதும் வரிசையில் வருகிறவர்களின் நாக்கைப் பார்த்து அனுப்புவதுதான். எனவே நோய் கப்பலேறியதற்குத் தலைவர் பொறுப்பாக மாட்டார்.

ஆனால் ஏறிய நோய் பரவுவது வேறு கதை. படுக்கைகளை மேல்தளத்துக்குக் கொண்டுவந்து வெயிலில் போட்டு உதறினால், துணிகளைக் கொதிநீரில் துவைத்தால், ஆட்களை நாள்தோறும் மேலே வரவழைத்தால், காரணம் தெரியாமலேயே பேன் குறையும். 'ஜீனி ஜான்ஸ்டன்' கப்பலில் ரிச்சர்ட் பிளென்னர்ஹாசெட் என்ற மருத்துவர் இருந்தார். பயணிகள் மேலே வந்து காற்று வாங்க வேண்டும், கீழ்த்தளம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் அவரும் அட்ரிட்ஜும் கண்டிப்பாக இருந்தார்கள். தவறான காரணத்துக்காகச் சரியான வேலையைச் செய்தார்கள் என்று சொல்லலாம். வைகைக்கரை சொல்லும் ஆண்டு வேறுபாடு நியாயமானது. இருந்தும் 16 பயணங்கள், 7 ஆண்டுகள், ஒரு சாவும் இல்லை என்பதை ஆண்டின் நல்லூழ் என்று மட்டும் ஒதுக்க என்னால் முடியாது. அந்த ஆண்டுகளில் நியூயார்க் போன கப்பல்களின் சராசரிச் சாவு நூற்றுக்கு இரண்டுக்குக் கீழே. அதைக் கொண்டு பார்த்தால்கூட 2,500 பேரில் சிலராவது இறந்திருக்க வேண்டும்.

நெய்தல் வாசகன்

டாக்டர், நியூயார்க் சராசரி அவ்வளவு குறைவா? பஞ்சக் கப்பல் என்றாலே பாதிப்பேர் செத்தார்கள் என்ற எண்ணம்தான் பலருக்கும் இருக்கிறது.

நோய்நாடி

ஆம், அவ்வளவு குறைவு. பஞ்ச காலத்தில் அயர்லாந்தை விட்டுப் போன பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் உயிரோடு கரை சேர்ந்தார்கள். அந்தப் பயங்கரம் 1847இலும் கனடா வழியிலும் குவிந்தது. அதனால்தான் அந்த ஆண்டில் யார் என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு இவ்வளவு கனம்.

கொற்கைத்துறை

1847 என்று வைகைக்கரை பிடித்துக்கொண்டதால் அந்த ஆண்டில் இருந்தே ஒரு சாட்சி.

ஸ்டீபன் டி வியர், லிமரிக் மாவட்டத்தின் நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். வசதியான அறையில் போக அவரால் முடியும். 1847இல் வேண்டுமென்றே கீழ்த்தளப் பயணியாகக் கியூபெக் போனார். தன் கண்ணால் பார்த்ததை நீண்ட கடிதமாக எழுதினார். அது இங்கிலாந்தின் மேலவை வரை போனது.

அவர் எழுதியவற்றைப் பாருங்கள். கப்பலில் தண்ணீர் போதுமான அளவு இருந்தது. ஆனால் பயணிகளுக்குக் கொடுத்தது குறைவு. அரிசியையும் உப்பிட்ட உணவையும் வேகவைக்கத் தண்ணீர் இல்லாமல் கடலில் கொட்டினார்கள். ஒரு கேலன் என்று சொல்லி அளந்த பாத்திரத்தில் முக்கால் கேலன்தான் பிடித்தது! வாரத்தில் ஓரிரு நாள் பயணிகளுக்குச் சாராயம் விற்றார்கள். படுக்கைகளுக்கு இடையே இருந்த தரையைப் பயணம் முழுவதும் கழுவவில்லை. தனிமைத் தீவின் மருத்துவர் வரப்போகிறார் என்றதும் கடைசி நாட்களில் தேய்த்துக் கழுவினார்கள்.

அது கள்ள அளவு என்று டி வியர் கியூபெக்கில் நிரூபித்தார். தலைவருக்கு அபராதமும் வாங்கிக் கொடுத்தார்.

டீச்சர், மரக் கணக்கும் கட்டணக் கணக்கும் கரையில் போட்டவை. நான் மறுக்கவில்லை. அந்தப் பாத்திரத்தைச் செய்து கப்பலில் வைத்தது யார்? ஒரு நாளைக்கு ஆளுக்கு 3 குவார்ட் (ஏறத்தாழ மூன்றரை லிட்டர்) தண்ணீர் என்று சட்டம் சொன்னது. அந்தச் சட்டமே போதாது என்று நீங்கள் சொல்கிறீர்கள், போதாத அதிலும் கால் பங்கைத் திருடியவன் கப்பலுக்குள்தான் இருந்தான்.

வைகைக்கரை

அந்தப் பாத்திரத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அது திருட்டு. அந்தத் தலைவரை நான் காப்பாற்ற முயலவில்லை.

ஆனால் இன்னும் ஒன்றைக் கேளுங்கள். அந்தக் கப்பல் விதிவிலக்கான மோசம் என்று டி வியர் எழுதவில்லை. மற்றவற்றோடு ஒப்பிட்டால் அது வசதியானது என்று சொல்லக்கூடிய நிலைதான் என்றே எழுதினார். தலைவர்கள் பலரும் இதைச் செய்தார்கள் என்றால், செய்ய விட்டது யார்? லிவர்பூல் துறையில் ஆய்வு அதிகாரிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்தார்கள். நடுக்கடலில் எந்தச் சட்டத்துக்கும் சாட்சி இல்லை. டி வியர் போன்ற செல்வாக்குள்ளவர் ஒருவர் கீழ்த்தளத்தில் இருந்ததால் அந்த அளவு பிடிபட்டது. எழுதப் படிக்கத் தெரியாத மேயோ மாவட்டக் குத்தகைக்காரன் எந்தத் துறையில் போய் முறையிடுவான்?

தலைவர்களுக்குத் தகுதிச் சான்றிதழ் கட்டாயம் என்று பிரிட்டன் சட்டம் செய்ததே 1850இல். பஞ்சத்தின் மிகக் கொடிய ஆண்டுகள் அதற்கு முன்பே முடிந்துவிட்டன.

தோணிக்காரர் பேத்தி

தேர்வு எழுதாமலேயே தலைவர் ஆகலாமா? 300 உயிர்களுக்குப் பொறுப்பாகவா?

கொற்கைத்துறை

ஆகலாம், தங்கையே. 1845இல் தேர்வு வந்தது, ஆனால் விருப்பம் உள்ளவர் எழுதலாம் என்ற அளவில்தான். உரிமையாளர் நம்பினால் போதும். சிலர் அட்ரிட்ஜைப் போல இளம் வயதில் இருந்தே கடலில் பழுத்தவர்கள். சிலர் கப்பல் குடும்பத்தின் மகன்கள்.

அந்த இரண்டாம் வகைக்கு 'ஹன்னா' கப்பலைச் சொல்ல வேண்டும். 1849 ஏப்ரலில் அயர்லாந்தின் வாரன்பாயின்ட் துறையில் இருந்து கியூபெக் நோக்கிப் புறப்பட்டது. தலைவர் கரி ஷா, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். ஏப்ரல் 29 அன்று செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் பனிப்பாறையில் மோதிக் கப்பல் உடைந்தது. தலைவரும் அதிகாரிகளும் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பயணிகள் உறக்கத்தில் இருந்து எழுந்த உடையோடு பனிக்கட்டி மேல் ஏறினார்கள். தாய்மார்கள் இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள்.

பின்னர் 'நிகரகுவா' என்ற கப்பல் அங்கே வந்தது. அதன் தலைவர் வில்லியம் மார்ஷல். தன் கப்பலைப் பனிக்கட்டிகளுக்கு இடையே கொண்டுபோய் நிறுத்தி, படகுகளை இறக்கி, 120 பேருக்கு மேல் மீட்டார். பனிக்கு இடையில் மரக் கப்பலை நுழைப்பது என்றால் தன் கப்பலையும் இழக்கத் துணிவது. அவருடைய கப்பலிலும் ஆட்கள் இருந்தார்கள். அதையெல்லாம் எண்ணிய பிறகும் உள்ளே போனார்.

ஒரே கடல், ஒரே வாரம், ஒரே சட்டம், ஒரே மரக் கப்பல். இந்த இருவருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை எந்தக் கட்டணக் கணக்காலும் அளக்க முடியாது.

நெய்தல் வாசகன்

இது எனக்கு முற்றிலும் புதிய செய்தி. நன்றி ஐயா.

'லண்டன்டெரி' நீராவிக் கப்பலை யாராவது விளக்குவீர்களா? புயலில் ஆட்களைக் கீழே அடைத்ததால் இறந்தார்கள் என்று படித்தேன். புயலில் அடைப்பது வழக்கம்தானே?

கொற்கைத்துறை

அடைப்பது வழக்கம். அடைக்கத்தான் வேண்டும். மேல்தளத்தில் அலை புரளும்போது ஹேட்ச், அதாவது கீழ்த்தளத்துக்கு இறங்கும் வாயில், திறந்திருந்தால் கப்பலே மூழ்கும். அதனால்தான் காற்றுக் குழாயும், சிறு வாயிலும், சிறிது நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிற ஆளும் வேண்டும்.

1848 டிசம்பர் தொடக்கத்தில் அது அயர்லாந்தின் ஸ்லைகோவில் இருந்து லிவர்பூல் போனது. அங்கிருந்து அமெரிக்கா போகிற கனவோடு வந்தவர்கள் பலர் அதில். புயல் பிடித்தது. 150 பேருக்கு மேல் ஒரு சிறிய அறைக்குள் இறக்கி, அறையின் வாயிலை மூடி, அதன்மேல் தார்ப்பாயையும் போட்டுவிட்டார்கள். உள்ளே காற்று தீர்ந்தது. அலறியது மேலே கேட்கவில்லை. ஒருவர் எப்படியோ வெளியே வந்து சொன்ன பிறகே திறந்தார்கள். 72 பேர் மூச்சுத்திணறி இறந்திருந்தார்கள். கப்பல் ஒதுங்கிய டெரி நகரில் மரண விசாரணை நடத்திய நடுவர் குழு, தலைவர் மீதும் துணை அதிகாரிகள் மீதும் கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல் என்று முடிவு சொன்னது. அந்தக் கப்பலில் கால்நடைகளும் இருந்தன. அவற்றுக்குக் காற்று கிடைத்தது.

நோய்நாடி

பயணிகள் கப்பல்களில் காற்றுவழி கட்டாயம் என்று அமெரிக்கா 1848 மே மாதத்திலேயே சட்டம் போட்டிருந்தது. இது ஐரிஷ் கடலில் ஓடிய உள்நாட்டுப் படகு, அந்தச் சட்டம் அதைத் தொடவில்லை.

தோணிக்காரர் பேத்தி

இந்த இழையில் நம்மவர் தொடர்பு ஒன்று விடுபட்டிருக்கிறது. 1840இல் லண்டனில் அமைந்த குடியேற்ற நிலம், புலம்பெயர்வு ஆணையம்தான் ஐரிஷ் புலம்பெயர்வையும் பார்த்தது, பின்னால் இந்திய ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதையும் மேற்பார்வையிட்டது. அதன் தலைவராக இருந்த தாமஸ் எலியட்டுக்குத்தான் டி வியர் தன் கடிதத்தை எழுதினார். 1860இல் ஒப்பந்தக் கூலிகளோடு சென்னையில் இருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் போன 'டுரூரோ' கப்பல் ஓடியதும் இதே நிர்வாகத்தின் காலத்தில்.

நான் கவனித்த வேறுபாடு இது. கூலிக் கப்பல்களில் மருத்துவக் கண்காணிப்பாளர் கட்டாயம். உயிரோடு இறங்கும் ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிய கப்பல்களிலும் 1815 முதல் அறுவை மருத்துவர் ஒருவர் கண்காணிப்பாளராக இருந்தார். நான்கு மாதக் கடல் வழியில் சாவு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. திருடியதற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட ஐரிஷ்காரனுக்கு மருத்துவர் இருந்தார். குற்றம் எதுவும் செய்யாமல் கட்டணம் கொடுத்துக் கியூபெக் போன அவன் அண்ணனுக்கு, பெரும்பாலான கப்பல்களில், யாரும் இல்லை.

கூலிகள் மீது கருணையால் அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தோட்ட முதலாளிக்குக் கூலி உயிரோடு வேண்டும், அதனால் செய்தார்கள். கியூபெக்கில் ஐரிஷ்காரன் உயிரோடு இறங்குவதால் ஆதாயம் அடைபவர் ஒருவரும் இல்லை. கட்டணம் லிவர்பூலிலேயே கைமாறிவிட்டது.

வைகைக்கரை

பேத்தி, இதைத்தான் நான் இவ்வளவு நேரமாகச் சொல்ல வந்தேன். நீ நான்கு வரியில் சொல்லிவிட்டாய். மார்ஷலும் அட்ரிட்ஜும் நல்லவர்கள், ஷா கோழை. ஆனால் ஏறப்போகிற கப்பலின் தலைவர் எப்படிப்பட்டவர் என்பது 1847இல் லிவர்பூல் துறையில் நின்றவனுக்கு முன்கூட்டித் தெரியாது. நல்ல தலைவர் வாய்த்தால் பிழைப்பாய் என்ற நிலையில் ஓர் அரசு தன் குடிமக்களைக் கப்பலேற்றியது. என் கோபம் அங்கேதான்.

கொற்கைத்துறை

கோபத்தை அங்கேயே வையுங்கள், டீச்சர், நானும் சேர்ந்து வைக்கிறேன். கள்ள அளவு வைத்தவனை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்.

தலைவர் ஒருவர் நினைத்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு இன்னும் ஒருவர். பாஸ்டனின் ராபர்ட் பென்னட் ஃபோர்ப்ஸ், 13 வயதில் கடலுக்குப் போன வணிகக் கப்பல் தலைவர். அதே 1847இல், அயர்லாந்துக்கு உணவு கொண்டுபோக 'ஜேம்ஸ்டவுன்' என்ற போர்க்கப்பலைக் கேட்டார்கள், அமெரிக்க நாடாளுமன்றமும் இரவல் தந்தது. பீரங்கிகளை எடுத்துவிட்டுச் சுமார் 800 டன் உணவை ஏற்றினார்கள். ஃபோர்ப்ஸே தலைமை ஏற்று மார்ச் 28 அன்று புறப்பட்டு, 15 நாளில், ஏப்ரல் 12 அன்று கார்க் துறைமுகத்தில் நங்கூரம் போட்டார். குளிர்கால இறுதியின் அட்லாண்டிக்கில் அது நல்ல வேகம்.

பரதவன் மகன்

இந்த ஆண்டு வேலை காரணமாக டப்ளின் போகிறேன். 'ஜீனி ஜான்ஸ்டன்' அங்கே நிற்கிறதாமே, அதே கப்பலா?

நெய்தல் வாசகன்

அதே கப்பல் இல்லை தம்பி. அது 1858இல் கியூபெக்கில் இருந்து ஹல் துறைமுகத்துக்கு மரம் ஏற்றிப் போகும்போது நீர் புகுந்து மூழ்கியது. ஆட்கள் 9 நாள் பாய்மரக் கயிறுகளில் தொங்கிக்கொண்டிருந்தார்கள், ஒரு டச்சுக் கப்பல் எல்லாரையும் மீட்டது. அப்போதும் சாவு இல்லை.

டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில், கஸ்டம் ஹவுஸ் துறையில் நிற்பது 2002இல் கட்டி முடித்த மாதிரி. 2003இல் அதுவும் அட்லாண்டிக்கைக் கடந்தது. இயந்திரமும் இன்றைய பாதுகாப்பு வசதிகளும் உண்டு என்பதால் கீழ்த்தளத்தை அப்படியே 1848 என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறடிப் படுக்கைகளை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். ஸ்ட்ரோக்ஸ்டவுனில் பஞ்ச அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்து டப்ளின் வரை, அந்த 1,490 பேர் நடந்த வழியில், 165 கிலோமீட்டர் நடைபாதையும் அமைத்திருக்கிறார்கள். நேரம் கிடைத்தால் கால்வாய்க் கரைப் பகுதியையாவது நடந்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கள்.